அச்சு: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

1. முன்னுரை

ஒரு மொழியில் வழங்கும் சொற்களுட் சில, தொழில்தோறும் துறைதோறும் வெவ்வேறு பொருள் தந்து நிற்றல் இயல்பு. தொல்காப்பியர் இத்தகையவற்றைப் பலபொருள் ஒருசொல் எனக் குறித்து, வினையால் வேறுபடுவன என்றும் வினையால் வேறுபடாதன என்றும் இருவகைப்படுத்தினார். உரையாசிரியர்கள் இதற்கு 'மா' என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். மா பூத்தது எனின் அது மரம். மா ஓடிற்று எனின் அது விலங்கு. கணக்கு நூலார்க்கோ மா என்பது இருபதில் ஒரு கூறு. ஒரு சொல்லின் பொருளை அதனொடு முடியும் வினையும், உடன்நிற்கும் இனமும், சார்பும் தெளிவிக்கும் என்பது கிளவியாக்கம் காட்டும் நெறி.

இந்நெறி பொருளைத் தெளிதற்கு உரியது. அதற்கு அப்பால் வரலாற்று ஆய்வாளர்க்கு மற்றொரு வினா உண்டு. பல பொருள் தரும் அச்சொல் உண்மையில் ஒரு வேரினின்று கிளைத்த ஒரே சொல்லோ, அன்றி வேறு வேறு வேரினின்று தோன்றி ஒலியால் ஒன்றுபட்ட பல சொற்களோ என்பதே அவ்வினா. இதனைத் தெளியாது ஒரு சொல்லைத் தமிழ் என்றோ கடன் என்றோ கூறுதல் அடிப்படையின்றிக் கட்டிடம் எழுப்புதலை ஒக்கும்.

ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட சொல் 'அச்சு' என்பது. வண்டியின் அச்சு, வெல்ல அச்சு, தறியின் அச்சு, அச்சு என்னும் நாணயம், அச்சுக்கூடத்து எழுத்து, நிலவுருண்டையின் அச்சு, கணக்கில் வரைபடத்து அச்சு என இதன் வழக்குப் பரந்துள்ளது. இதனொடு தொடர்புடையதாகக் கூறப்படும் 'அக்ஷ' என்னும் வடசொல்லோ, தேரின் அச்சையும் சூதாடு கருவியையும் வானநூலில் ஓர் அளவையும் ஒருங்கே குறிக்கும். தொழில், கணக்கு, விளையாட்டு ஆகிய மூன்று துறைகளிலும் இச்சொற்கள் பெற்ற பொருள்களை ஒப்புநோக்கின், தமிழ்ச் சொல் எவ்வழி வந்தது, எதனைக் கொண்டது, எதனைக் கொள்ளாது விட்டது என்பன புலனாகும்.

2. வினையால் அமையும் இரு தொகுதிகள்

தொல்காப்பியர் காட்டிய வழியிலேயே தொடங்குவாம். அச்சு என்னும் சொல் எவ்வெவ் வினைகளொடு கூடி வழங்குகின்றது என நோக்கின், அவ்வினைகள் இரு தொகுதிகளாகப் பிரிதலைக் காணலாம்.

அச்சு முறிந்தது, அச்சு இற்றது, அச்சுக்கு மசகிட்டான், அச்சில் சக்கரம் சுழன்றது என்பன ஒரு தொகுதி. இங்கு அச்சு என்பது பாரம் தாங்குவது. தன்னைச் சுற்றிப் பிறிதொன்று சுழல இடமாவது. அச்சு வெட்டினான், அச்சில் வார்த்தான், அச்சில் அடித்தான், அச்சுக் கோத்தான், அச்சுப் பிணைத்தான் என்பன மற்றொரு தொகுதி. இங்கு அச்சு என்பது வடிவு தருவது. தன்னிடத்துள்ள உருவைப் பிறிதொன்றின்மேல் ஏற்றுவது. வண்டியின் அச்சில் எவரும் எதனையும் வார்ப்பதில்லை. வெல்ல அச்சுக்கு எவரும் மசகிடுவதில்லை. இரு தொகுதிகளின் வினைகளும் தம்முள் மயங்காமை கருதத்தக்கது.

ஒரே சொல்லினின்று கிளைத்த பொருள்களாயின் அவற்றிடையே ஏதேனும் ஒரு பாலம் இருத்தல் வேண்டும். வாய் என்னும் சொல் முகத்தின் உறுப்பையும் பானையின் திறப்பையும் குறிக்குமிடத்து அப்பாலம் வெளிப்படை. சுழற்சிக்கு இடமாவதற்கும் உருவை ஏற்றுவதற்கும் இடையே அத்தகைய பாலம் இல்லை. எனவே, இவை இரு வேறு சொற்களாதல் கூடும் என்னும் கருத்துத் தோன்றுகின்றது. இதனை மெய்ப்பிக்க இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். வடமொழி இலக்கண மரபைத் தழுவிய நூல்களில் உயிரெழுத்தைக் குறிக்கும் அச்சு என்பது பாணினியின் 'அச்' என்னும் குறியீட்டினின்று வந்தது. அது தனிச்சொல்லாதலின் இவ்வாய்விற்கு உட்படாது.

3. வண்டியின் அச்சு

வண்டியச்சைக் குறிக்கும் இச்சொல் சங்க இலக்கியத்திலேயே பயில்கின்றது. புறநானூற்று 102-ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுமிடத்து, உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் கீழே மாற்றாகக் கட்டிச் செல்லும் சேமஅச்சினை அவனுக்கு உவமையாக்குகின்றார். பள்ளமும் மேடும் நிறைந்த வழியில் என்ன நேருமோ என அஞ்சி முன்னரே பூண்ட காவல் அது. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்துள், மென்மையான மயிற்பீலியும் மிகுத்து ஏற்றின் வண்டியின் அச்சினை முறிக்கும் என்னும் கருத்து வருகின்றது. வினைத்திட்பம் கூறும் அதிகாரத்துள் பெருந்தேரின் அச்சாணி உவமையாகின்றது. அச்சின் முனையில் நின்று சக்கரம் கழன்று போகாவாறு காக்கும் சிறு ஆணியே அச்சாணி.

இச்சான்றுகளால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, இச்சொல் அரசர் தேரோடு மட்டும் நின்றதன்று. உமணரின் சரக்கு வண்டி வரை பரவியிருந்தது. இரண்டாவது, மாற்று அச்சுக்குத் தனிப்பெயர் அமையும் அளவிற்கு அது தொழில் வழக்கில் வேரூன்றியிருந்தது. ஆகவே, இது கடன்சொல்லாயினும் சங்க காலத்திற்கு முன்னரே வந்து தமிழ் வழக்காகிவிட்ட சொல்லாதல் வேண்டும்.

கடன்சொல் எனக் கருதற்குக் காரணம் என்னை? வடமொழியில் அக்ஷ என்பது இருக்கு வேத காலந்தொட்டே தேரின் அச்சைக் குறிப்பது. அதற்கு இனமான சொற்கள் மேலை மொழிகளிலும் அதே பொருளில் உள. கிரேக்கத்தில் அக்சோன், இலத்தீனத்தில் ஆக்சிசு, செருமானியத்தில் ஆக்சே என வழங்குவன அவை. இத்துணைப் பரந்த இனம் உடைய சொல் தமிழினின்று அங்குச் சென்றது எனல் பொருந்தாது. மேலும், வண்டியச்சைக் குறிக்கத் தமிழில் 'இருசு' என்னும் பிறிதொரு சொல் உண்டு. வண்டித் தொழிலாளரிடையே வழங்கும் அச்சொல்லுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் இனச்சொற்கள் உள. தெலுங்கில் இன்றும் வண்டியச்சுக்குரிய பெயர் இருசு என்பதே. திராவிடக் குடும்பத்துக்கு உரிய சொல்லாக இருசு ஒருபுறம் நிற்க, அச்சு அதனருகே வந்து அமர்ந்தது எனக் கொள்ளுதல் முறை.

ஒலித்திரிபும் இதற்குத் தடையன்று. வடமொழியின் க்ஷ என்னும் மெய்ம்மயக்கம் பிராகிருத மொழிகளில் ஓரிடத்துக் ககர இரட்டையாகவும் ஓரிடத்துச் சகர இரட்டையாகவும் திரிந்தது. கண்ணைக் குறிக்கும் அக்ஷி என்பது அவற்றுள் அக்கி எனவும் அச்சி எனவும் இருவகையாக வழங்கிற்று. தமிழிலும் இவ்விரு திரிபுகளும் உள. இயக்கன், அரக்கன், நூறாயிரத்தைக் குறிக்கும் இலக்கம் ஆகியவற்றில் ககரம் இரட்டித்தது. கச்சை என்பதில் சகரம் இரட்டித்தது. அச்சு என்பது இரண்டாம் வகையைச் சார்ந்தது.

4. வார்ப்பின் அச்சு

இனி, வடிவு தரும் அச்சினை ஆராய்வாம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி, மரப்பலகையிற் குடைந்த குழிகளில் ஊற்றி ஆறவிட்டு எடுப்பது அச்சு வெல்லம். குழியின் வடிவே கட்டியின் வடிவாகின்றது. பொற்கொல்லர் தகட்டை வைத்து அடிக்கும் அச்சும் இத்தகையது. ஆண்டும் குழிவோ மேடோ தன் உருவைப் பொன்னுக்கு ஈகின்றது. ஒருவரை ஒருவர் முற்றும் ஒத்திருப்பின் அச்சில் வார்த்தாற்போல் உள்ளார் என உலகவழக்கு கூறும்.

தறியின் அச்சு முதல் நோக்கில் இவற்றின் வேறாகத் தோன்றலாம். அது சீப்புப் போன்ற கருவி. பாவு நூல்கள் அதன் பற்களினிடையே செல்லும். ஊடு நூல் ஓடிய பின்னர் நெசவாளர் அதனை முன்னிழுத்து அந்நூலை நெருக்கி அடிப்பர். விழுது பாவு நூல்களை மேலும் கீழும் பிரிக்க, அச்சு அவற்றை உரிய இடைவெளியில் நிறுத்தும். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை நிற்கும், துணியின் அகலம் எவ்வளவு என்பவற்றை அச்சின் பல்லெண்ணிக்கையே உறுதிசெய்கின்றது. ஒரு பாவு முடிந்து மறு பாவு தொடங்குங்கால் பழைய இழையின் முனையோடு புதிய இழையின் முனையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்தலை அச்சுப் பிணைத்தல் என்பர். எனவே, தறியின் அச்சும் துணிக்கு அளவும் அமைப்பும் ஈவதேயாகும். அது சுழல்வதன்று, சுழற்சிக்கு இடமாவதுமன்று. வார்ப்பச்சின் தொகுதியில் அதனைச் சேர்த்தலே தக்கது.

நாணயத்தைக் குறிக்கும் அச்சும் இத்தொகுதியினதே. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் பழஞ்சலாகை அச்சு என்னும் பெயர் பயில்கின்றது. உருப் பொறித்த அச்சினால் அடிக்கப்பட்டமையின் காசு அப்பெயர் பெற்றது. கருவியின் பெயர் அதனாலாய பொருளுக்கு ஆகிவந்த கருவியாகுபெயர் இது.

எழுத்தச்சு இதன் இறுதி வளர்ச்சி. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அண்டிரிக்கி அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதன் பக்கங்கள் 16. பின்னர்ச் சீகன்பால்கு முதலியோர் முயற்சியால் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவப்பெற்றது. எழுத்து வார்க்கும் முறையை நோக்குவார்க்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். வன்மையான உலோகத்தின் முனையில் எழுத்து இடவலமாக வெட்டப்படும். அது மென்மையான செப்பில் அறையப்பட்டுக் குழிவாகும். அக்குழிவின்மேல் உருகிய ஈயக் கலவை வார்க்கப்பட்டு எழுத்தாகும். அவ்வெழுத்து மையேற்றுத் தாளில் பதியும். ஓர் உரு நான்கு இடங்களில் மேடும் குழிவுமாக மாறி மாறிச் செல்லும் இத்தொழிலில், வடிவு தருவது என்னும் பொருளையுடைய அச்சு என்னும் பெயர் எழுத்துக்கும் பொறிக்கும் பதிப்புக்கும் ஒருங்கே அமைந்தது. அக்காலத்துப் புதிய தொழிலுக்குப் பழைய பட்டறைச் சொல்லே பெயராயிற்று.

இந்த அச்சு எம்மொழிக்கு உரியது? வடிவு தரும் கருவி, பதிவு என்னும் பொருளில் அச்சு என்பது மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் சகர இரட்டையொடு வழங்குகின்றது. தெலுங்கு, வண்டியச்சை இருசு எனவும் வார்ப்பச்சை அச்சு எனவும் பிரித்து வழங்குதல் சிறப்பாகக் கருதத்தக்கது. வடமொழியின் அக்ஷ என்னும் சொல்லுக்கோ வார்ப்பச்சு என்னும் பொருள் இல்லை. இல்லாத பொருளைக் கடன் தர இயலாது. ஆதலின் வார்ப்பச்சு திராவிடச் சொல் என்பதே தெளிவு.

ஈண்டு ஒரு தடை எழலாம். தமிழில் அக்கசாலை என்பது பொற்கொல்லர் பட்டறையையும் நாணயம் அடிக்கும் இடத்தையும் குறிக்கும். கௌடலியரின் பொருள்நூலில் பொற்பணி நிகழும் இடம் அக்ஷசாலை எனப்படுகின்றது. இவ்வக்ஷமே பட்டறைவழியே வந்து வார்ப்பச்சுக்கும் பெயராகியிருக்கலாகாதோ என வினவுவர். அன்று என்பதே விடை. அப்பட்டறைப் பெயர் தமிழில் ககர இரட்டையொடு அக்கசாலை என வந்தது. கன்னடத்திலும் பொற்கொல்லன் பெயர் அக்கசாலெ எனக் ககரம் பெற்றே வழங்குகின்றது. ஒரே பட்டறைக்குள் ஒரே காலத்தில் ஒரே சொல் இடத்தின் பெயரில் ககரமாகவும் கருவியின் பெயரில் சகரமாகவும் திரிந்தது எனக் கொள்ளுதற்கு ஏது இல்லை. அக்கசாலையில் அச்சினால் காசு அடித்தனர் என்னும் தொடரில் முன்னது வடசொல், பின்னது தென்சொல்.

5. கவறும் அட்சமும்

அக்ஷ என்னும் வடசொல் விளையாட்டில் பெற்ற பொருளை இனிக் காண்பாம். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலத்து 34-ஆம் பதிகம் சூதாடித் தோற்றவனின் புலம்பலாக அமைந்தது. அதில் வரும் அக்ஷங்கள் இன்று நாம் காணும் ஆறுமுகப் பகடைகள் அல்ல. தான்றி மரத்தின் கொட்டைகள். பழைய இந்தியச் சூதினைப் பற்றி 1907-இல் நூல் எழுதிய செருமானிய அறிஞர் இலூடர்சு இதனை விளக்கினார். கொட்டைகளை நான்கு நான்காக எண்ணி, மீதியின்றி முடியின் கிருதம், மூன்று எஞ்சின் திரேதை, இரண்டு எஞ்சின் துவாபரம், ஒன்று எஞ்சின் கலி என்றனர். நான்கு ஊழிகளின் பெயர்களும் இவையே. ஆகவே, அந்த ஆட்டம் கையின் திறனோடு எண்ணின் திறனையும் வேண்டிற்று. மகாபாரதத்து நளன் கதையில் இருதுபன்னன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் விரைந்து கணித்துக் கூறி, அவ்வெண்ணறிவையும் சூதின் உட்பொருளையும் நளனுக்குக் கற்பித்தான் என வருதல் இத்தொடர்பை நன்கு காட்டும். நளவெண்பாவாலும் நைடதத்தாலும் அக்கதை தமிழர்க்கு நெடுங்காலமாக அறிமுகமானது.

தேரின் அச்சும் சூதின் கொட்டையும் வடமொழியில் ஒரு வடிவின ஆயினும் ஒரு சொல் ஆகா. மோனியர் வில்லியம்சு 1899-இல் வெளியிட்ட அகராதி அவற்றை வெவ்வேறு பதிவுகளாகவே காட்டுகின்றது. தமிழில் அச்சு இரண்டாதல் போல வடமொழியில் அக்ஷமும் பலவாகும்.

தமிழிலோ அச்சு என்னும் வடிவம் சூதாடு கருவியைக் குறித்து வழங்கவில்லை. அதற்குரிய சொற்கள் தமிழில் தனியே இருந்தன. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் 'வல்' என்னும் சொல்லின் புணர்ச்சி கூறப்படுகின்றது. அது நாய், பலகை என்னும் சொற்களொடு புணருங்கால் உகரம் பெறுதலும், அவ்வுகரம் கெட்டு அகரம் பெறுதலும் உண்டு. வல்லுநாய், வல்லநாய், வல்லுப்பலகை, வல்லப்பலகை என்பன அவ்வடிவங்கள். நாய் என்பது இங்கு ஆட்டக்காய். பலகை என்பது காய் வைத்து ஆடும் அரங்கு. ஒலி மாற்றத்திற்குத் தனி விதி வேண்டும் அளவிற்கு இச்சொற்கள் அக்காலத்து வழக்கில் நிலைத்திருந்தன. திருக்குறள் கவறு, வட்டு, அரங்கு என்னும் சொற்களை ஆளுகின்றது. 2015 முதல் கீழடியில் நிகழ்ந்த அகழாய்வுகளிற் கிடைத்த ஆட்டக்காய்களும் பகடைகளும் பண்டைத் தமிழர் வாழ்வில் இவ்வாட்டம் பெற்றிருந்த இடத்தை உறுதிப்படுத்துகின்றன.

இந்த இன்மையே இவ்வாய்வின் நடுநாயகமான சான்று. அக்ஷ என்னும் ஒலிவடிவம் அச்சு எனத் திரிந்து தமிழுக்கு வந்தபோது நூல்வழியாக வந்திருப்பின், தன் பொருள்கள் பலவற்றையும் உடன்கொணர்ந்திருக்கும். நூலோர் நிகண்டுகளில் அவற்றை வரிசைப்படுத்தியிருப்பர். அவ்வாறன்றி, ஒரே ஒரு பொருளோடு, அதுவும் வண்டித் தொழிலின் பொருளோடு மட்டும் வந்து உமணர் வாயில் வழங்கிற்று. தொழில்வழி வந்த சொல் அத்தொழிலுக்கு வேண்டும் பொருளையே சுமந்து வரும். தமிழர்க்குச் சூதாட்டத்திற் சொற்பஞ்சம் இல்லாமையும் அவர்கள் அப்பொருளை ஏலாமைக்குக் காரணமாம்.

இங்கு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். பாணினியின் இரண்டாம் அத்தியாயத்து ஒரு நூற்பா, அக்ஷம், சலாகை, எண்ணுப்பெயர் ஆகிய மூன்றும் சூதின் தோல்வியைக் குறிக்கும் தொகைச்சொற்களில் வருமாற்றைக் கூறுகின்றது. அங்குச் சலாகை என்பது ஆடுதற்குரிய கோல். கொங்குக் கல்வெட்டிலோ சலாகை அச்சு என ஒரு நாணயம் காணப்படுகின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, நாணயப் பெயர் சூதினின்று வந்தது எனத் துணிவது எளிது. ஆயின், முன்னதில் உள்ளது அக்ஷம். பின்னதில் உள்ளது வடிவு தரும் அச்சு. இரு சொற்கள் இரு இடங்களில் அருகருகே நிற்றல் மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

6. கணக்கின் அச்சு

கணக்குத் துறையில் அக்ஷம் மூன்று நிலைகளில் காணப்படுகின்றது. முதல் நிலையில் அது நீட்டல் அளவை. வேள்விமேடை அமைத்தற்குரிய சுல்பசூத்திரங்களில் தேரின் உறுப்புகள் அளவுகளாயின. தேரின் ஏர்க்கால் 188 அங்குலம், அச்சு 104 அங்குலம், நுகம் 86 அங்குலம் என அவை வரையறுத்தன. தச்சன் கையிலிருந்த பொருள் கணக்கனின் அளவுகோலாயிற்று.

இரண்டாம் நிலையில் அது வானநூற் சொல். சூரிய சித்தாந்தம் முதலிய நூல்கள், நிலநடுக்கோட்டினின்று ஓரூர் வடக்கே தெற்கே விலகியுள்ள கோணத்தை அக்ஷம் எனக் குறித்தன. வானம் சுழலும் அச்சின் முனை தொடுவானத்தினின்று எத்துணைப் பாகை உயர்ந்து தோன்றுகின்றதோ அத்துணைப் பாகையே அவ்வூரின் அக்ஷம். சென்னையில் அது ஏறத்தாழ 13 பாகை. கன்னியாகுமரியில் ஏறத்தாழ 8 பாகை. இவ்வக்ஷம் தமிழ்ப் புவியியல் நூல்களில் அட்சரேகை எனவும் அட்சக்கோடு எனவும் இடம்பெற்றது. இலங்கைத் தமிழர் இதனை அகலக்கோடு என்பர்.

மூன்றாம் நிலை இக்காலத்தது. மேலை நாட்டில் டேக்கார்ட்டு 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலுக்குப் பின் வளர்ந்த முறையில், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரு நேர்கோடுகளைக் கொண்டு தளத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எண்களாற் குறிக்கலாயினர். அக்கோடுகளை இலத்தீன் சொல்லால் ஆக்சிசு என்றனர். தமிழிற் கலைச்சொல் ஆக்கினோர் அதனை அச்சு என்றனர். அவ்விரு கோடுகளும் ஆய அச்சுகள் ஆயின. வண்டியின் அச்சு என்னும் பொருளினின்றே இலத்தீன் சொல்லும் கணக்கிற்கு வந்ததாதலின் இம்மொழிபெயர்ப்புப் பொருளால் செம்மையானது. மேலும், ஆக்சிசும் அக்ஷமும் ஒரு குடிப் பிறந்தன. அக்ஷத்தின் திரிபே வண்டியச்சு. ஆகவே, இரு வேறு வழிகளில் பிரிந்து சென்ற ஒரு குடியினர் தமிழ்க் கணக்கு நூலின் பக்கத்தில் மீண்டும் சந்திக்கின்றனர்.

இதனால் விளைந்த ஒரு நிலை நோக்கத்தக்கது. அக்ஷம் என்னும் ஒரு மூலம் இன்று தமிழில் மூன்று வடிவங்களில் வழங்குகின்றது. வண்டியிலும் வரைபடத்திலும் அச்சு, பட்டறைப் பெயரிலும் செபமாலையாகிய அக்கமாலையிலும் அக்கம், புவியியலில் அட்சம். முதலாவது தொழிலோர் நாவாலும், மூன்றாவது நூலோர் எழுதுகோலாலும் வந்தவை. தமிழ் எழுத்தியல்புக்கு அச்சு முற்றும் இசைந்தமையும், அட்சம் வடமொழி ஒலியை அணுகி நிற்பதும் அவ்வழிகளின் வேற்றுமையால் ஆயவை.

இன்றைய கணக்குப் பாடநூலில் வரைபடப் பகுதி அச்சு என்னும் சொல்லையும், நிகழ்தகவுப் பகுதி பகடை என்னும் சொல்லையும் ஆளுகின்றன. 1654-இல் பாசுக்கல், பெர்மா என்னும் இருவர் சூதாட்டப் பங்கீடு பற்றி எழுதிக்கொண்ட மடல்களே நிகழ்தகவுக் கணக்கின் தோற்றுவாய். வடமொழியில் ஒரு வடிவில் அடங்கிய இரு பொருள்கள் தமிழ்ப் பாடநூலில் இரு சொற்களாக, மயக்கமின்றி நிற்கின்றன.

7. பிறமொழி ஒப்புமை

ஆங்கிலத்தில் பகடையையும் பட்டறை அச்சையும் குறிக்கும் சொல் 'டை' என்பது. கொடுக்கப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக வந்த அது, முதலில் பகடையைக் குறித்தது. பின்னர்க் கட்டிடத்திற் சதுரக் கட்டையையும், காசும் உலோகத் தகடும் அடிக்கும் அச்சினையும் குறித்தது. ஆண்டு விளையாட்டின் சொல்லே தொழிலுக்குச் சென்றது.

இம்மூன்று மொழிகளையும் ஒருங்கு நோக்குக. வடமொழியின் ஒரு வடிவம் தேரையும் சூதையும் கணக்கையும் தழுவி, வார்ப்பை விட்டது. ஆங்கிலச் சொல் சூதையும் வார்ப்பையும் தழுவி, தேரை விட்டது. தமிழ் வடிவம் தேரையும் வார்ப்பையும் கணக்கையும் தழுவி, சூதை விட்டது. பொருள்கள் கூடுதல் மாந்தர் மனத்தின் பொது நெறியால் மட்டும் நிகழ்வதாயின் மூன்று மொழியிலும் ஒரே கூட்டம் அமைந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் அமையாமையின், ஒவ்வொரு கூட்டமும் அவ்வம்மொழி பேசினோரின் தொழிலாலும் தொடர்பாலும் தற்செயலான ஒலியொப்பாலும் விளைந்தது எனத் துணியலாம்.

8. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன பின்வருமாறு:

தமிழில் அச்சு என்பது ஒரு சொல் அன்று. வண்டியச்சு, வார்ப்பச்சு என இரு சொற்கள். முன்னது அக்ஷம் என்பதன் திரிபாய்ச் சங்க காலத்திற்கு முன் தொழில்வழி வந்தது. பின்னது திராவிட மொழிகட்கு உரியது. வெல்லம், தறி, காசு, எழுத்து ஆகியவற்றின் அச்சுகள் பின்னதன் கிளைகள்; நிலவுருண்டையின் அச்சும் ஆய அச்சும் முன்னதன் கிளைகள். சூதாடு கருவி என்னும் பொருள் தமிழ் அச்சுக்கு இல்லாமை, அது வந்த வழியை அறிவிக்கும் சான்று.

அச்சு முழுவதும் வடமொழியே என்பாரும், முழுவதும் தமிழே என்பாரும் தம்முள் மாறுபடுவரேனும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றனர். இரண்டாக உள்ளதை இருவரும் ஒன்றெனக் கொள்கின்றனர். வடமொழி என்பார் புறநானூற்று அச்சினைக் காட்டி வெல்ல அச்சையும் தமதாக்குவர். தமிழ் என்பார் வெல்ல அச்சினைக் காட்டித் தேரின் அச்சையும் தமதாக்குவர். சான்றோ இருவர்க்கும் பாதியளவே துணைநிற்கின்றது. அகராதி செய்வார் ஒத்த வடிவுடைய சொற்களைத் தனித்தனிப் பதிவுகளாக்கி, ஒவ்வொன்றன் கீழும் அதனொடு முடியும் தொழில்வினைகளையும் குறித்துச் செல்வாராயின் இத்தகைய மயக்கம் நீங்கும்.

அவ்வினைகளைத் தொகுத்தற்குரிய காலமும் சுருங்கி வருகின்றது. மர அச்சுப் பூண்ட மாட்டு வண்டிகள் அருகிவிட்டன. ஈய எழுத்தைக் கையாற் கோத்தல் கணிப்பொறி வரவால் பெரும்பாலும் ஒழிந்தது. கைத்தறிகளும் குறைந்து வருகின்றன. இச்சொல் இரண்டு எனத் தெளிதற்கு இவ்வாய்வில் முதற்கண் துணைசெய்தவை மசகிடுதலும் வார்த்தலும் கோத்தலும் பிணைத்தலும் ஆகிய பட்டறை வினைகளே. அவற்றை அறிந்த தொழிலாளர் இன்னும் உளர். பட்ட ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் ஏட்டையும் கல்வெட்டையும் நாடுதலோடு, தறிக்கூடத்தையும் தச்சுப் பட்டறையையும் நாடிச் சென்று அவர்தம் சொற்களை அவர்தம் வினைகளொடு பதிவுசெய்தல் வேண்டும். தொல்காப்பியர் வினையைக் கொண்டு பொருள் தெளிக என்றார். வினை வழக்கொழிந்த பின் தெளிதற்கு வழியில்லை.